ஈஸ்டர் தீவும் இரண்டு சமன்பாடுகளும்

பசிபிக் மாகடலில், சிலி நாட்டுக் கரையினின்றும் சுமார் 3,500 கிலோமீட்டருக்கு அப்பால் ஈஸ்டர் என்றொரு சிறு தீவு உளது. ராப்பா நூயி என்பது அத் தீவினர் வழங்கும் பெயர். 1722-ஆம் ஆண்டில் டச்சு மாலுமி ரொகவீன் அங்கே இறங்கியபோது பேருருவக் கற்சிலைகளைக் கண்டார், பெருமரங்களைக் காணவில்லை. முன்னாளில் பனையினக் காடு அங்கிருந்தமைக்கு ஏரிச் சேற்றில் படிந்த மகரந்தம் சான்று. காட்டை அழித்த மக்கள் தாமும் அழிந்தனர் என்றொரு கதை உலகெங்கும் பரவிற்று.

இக் கதையைக் கணிதத்தில் வடித்தவர்கள் பிராண்டர், டெய்லர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர். அவர்கள் கட்டுரை 1998-இல் வெளியாயிற்று. கணிதம் என்றதும் அஞ்ச வேண்டா. ஒரு சமன்பாடு, காடு வளர்வது எவ்வளவு, வெட்டப்படுவது எவ்வளவு என்று கூறும். மற்றொன்று, காட்டின் வளம் மிகுந்தால் மக்கள்தொகை பெருகும், குன்றினால் சுருங்கும் என்று கூறும். இரை விலங்கையும் வேட்டை விலங்கையும் பற்றி இத்தாலியர் வோல்ட்டெரா 1926-இல் வகுத்த கணக்கின் வழித்தோன்றல் இது. மரம் விரைந்து வளர்வதாயின் மக்கள்தொகை ஏறி ஒரு நிலையில் அமையும். மெல்ல வளர்வதாயின் வரம்பு கடந்து ஏறிப் பின் சரியும். பிற பாலினீசியத் தீவுகள் பிழைத்திருக்க ஈஸ்டர் மட்டும் நலிந்தது ஏன் என்பதற்கு, மரம் வளரும் வேகமே விடையாயிற்று. அழகிய விடைதான்.

ஆயினும், கணக்கில் இட்ட எண்கள் யாவை? கி.பி. 400-ஐ ஒட்டி நாற்பது பேர் குடியேறினர் என்று கொண்டனர். பிந்திய ஆய்வுகள் பல குடியேற்றத்தை 1200-ஐ ஒட்டி வைக்கின்றன. பனங்கொட்டையைக் கொறித்த எலிகளுக்குச் சமன்பாட்டில் இடமேயில்லை. 2024-இல் வெளியான பண்டை மரபணு ஆய்வோ, பதினேழாம் நூற்றாண்டில் மக்கள்தொகை பெருவீழ்ச்சியுற்றதற்குச் சுவடில்லை என்று கண்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கு ஒரு சொற்சிக்கல். ‘சரிவு’ என்று எழுதினால் தானே சரிந்ததாகும். ‘வீழ்ச்சி’ என்றால் வீழ்த்தியவன் யாவன் என்று செவி வினவும். இத் தீவின் செய்தியில் அவ் வினா தகும். கணக்கின் மீது குற்றமில்லை. இன்னின்னவை அமைந்தால் இன்னது விளையும் என்று கூறுவதே அதன் பணி. ஆனால் 1862-இல் பெரு நாட்டினின்றும் அடிமை வணிகரின் கப்பல்கள் வந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கவர்ந்து சென்றன. உயிரோடு மீண்ட சிலருடன் பெரியம்மையும் வந்திறங்கிற்று. 1877-இல் தீவில் எஞ்சியிருந்தோர் 111 பேர்.