பிறக்கும் நாளைக் குறிப்பவர் யார்?



திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்குச் செல்லும் வழியில் வித்துரா என்னும் ஊர் இருக்கிறது. சுற்றிலும் மலையும் காடும். ஜெர்சி இனப் பசுக்களை வளர்க்கும் அரசாங்கப் பண்ணை ஒன்றும் அங்கே உண்டு. பசு சினையாகி ஏறத்தாழ 280 நாளில் கன்று ஈனும் என்பது மாடு வளர்ப்போர் யாவரும் அறிந்த கணக்கு. இந்தக் கணக்கை வைத்திருப்பது யார்? தாய்ப் பசுவா, வயிற்றிலுள்ள கன்றா? தாய்தான் என்று நாம் தயங்காமல் கூறுவோம். ஆராய்ச்சியில் கிடைத்த விடையோ வேறு.

ஜெர்சித் தீவுக்கு அண்டைத் தீவு கெர்ன்சி. அத்தீவின் பெயர் கொண்ட பசுவினத்தில் காணப்பட்ட ஒரு விந்தையை 1957-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் விவரித்தனர். சில பசுக்கள் நாள் கடந்து பல வாரங்களாகியும் ஈனவில்லை. கன்றுகளைச் சோதித்தபோது, பரம்பரைக் குறையொன்றினால் அவற்றின் பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி உருவாகவே இல்லை என்பது தெரிந்தது. தாயிடம் குறையில்லை, கன்றிடமிருந்து வரவேண்டிய செய்திதான் வரவில்லை.

பிட்யூட்டரி, மூளையின் அடியில் தொங்கும் பட்டாணியளவான சுரப்பி. அதற்கு மேலே மூளையின் ஒரு பகுதியாகிய ஹைப்போதலாமஸ் அமைந்துள்ளது. இவ்விரண்டையும் இணைக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் வழியே மூளை இரசாயனச் செய்திகளை அனுப்பிச் சுரப்பியை ஆள்கிறது என்று ஜெஃப்ரி ஹாரிஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் நிலைநாட்டினார். அத்தகைய செய்திப் பொருள்களுள் முதலாவதன் அமைப்பை 1969-இல் கண்டறிந்த குழுக்களின் தலைவர்கள் கில்லமினும் ஷாலியும் 1977-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். நரம்பின் மொழியில் வந்ததை இரத்தத்தின் மொழியில் பெயர்த்துரைக்கும் இடம் ஹைப்போதலாமஸ் எனலாம்.

இந்த ஆட்சி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மனிதக் கருவில் மூன்று மாதம் நிறைவதற்குள் பிட்யூட்டரி ஹார்மோன்களை உண்டாக்கத் தொடங்குகிறது. மூளை சரிவர உருவாகாத சிசுக்களில், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் மிகவும் சிறுத்துக் காணப்படுகின்றன. மேலிருந்து கட்டளை வராமையே அதற்குக் காரணம்.

நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் மகப்பேறு மருத்துவராயிருந்த கிரஹாம் லிகின்ஸ் 1960-களில் ஆடுகளை ஆராய்ந்தார். கருவிலுள்ள குட்டியின் பிட்யூட்டரியை அழித்தபோது ஈற்று தள்ளிப்போயிற்று. அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனைக் குட்டிக்குச் செலுத்தியபோது நாள் நிறையுமுன்பே ஈற்று நிகழ்ந்தது. குட்டியின் மூளை பிட்யூட்டரியை ஏவுகிறது. பிட்யூட்டரி அட்ரீனலை ஏவுகிறது. அட்ரீனலில் சுரக்கும் கார்ட்டிசால் ஈற்றைத் தொடங்கி வைக்கிறது.

லிகின்ஸ் மற்றொன்றையும் கவனித்தார். அவ்வாறு முன்கூட்டிப் பிறந்த குட்டிகளின் நுரையீரல் எதிர்பாராத அளவுக்கு விரிந்திருந்தது. நுரையீரலின் நுண்ணறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் மெல்லிய படலம் சுரப்பதையும் அதே கார்ட்டிசால் விரைவுபடுத்தியிருந்தது.

ஆட்டின் கணக்கு மனிதருக்கு அப்படியே பொருந்தாது. நம் பேறுகாலத்தில் நஞ்சுக்கொடிக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும் நுரையீரல் பற்றிய பாடம் பொருந்திற்று. லிகின்ஸும் ஹோவியும், குறைமாதத்தில் பிரசவிக்கும் நிலையிலிருந்த 282 தாய்மாரிடம் நடத்திய சோதனையின் முடிவை 1972-இல் வெளியிட்டனர். கார்ட்டிசால் போன்ற மருந்தை ஊசியாகப் பெறாத தாய்மாரின் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 26 பேருக்கு மூச்சுத்திணறல் நோய் கண்டது. பெற்ற தாய்மாரின் குழந்தைகளுள் அது 9 ஆகக் குறைந்தது.

இந்திய அரசு 2014-இல் வெளியிட்ட நெறிமுறைகள், 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி காணும் தாய்க்கு டெக்சாமெத்தசோன் ஊசியை 12 மணிக்கு ஒருமுறையாக நான்கு தடவை போடக் கூறுகின்றன. இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வும் இதனால் சிசு மரணம் குறைவதை உறுதி செய்தது. இது கர்ப்பிணிகள் எல்லோருக்கும் உரிய மருந்தன்று. கருவின் வயதைக் கணித்து மருத்துவரே தீர்மானிக்க வேண்டியது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலர், மகளையோ மருமகளையோ பேறுகாலத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கமுடையவர்கள். இரண்டு நாள் ரயில் பயணமும் அதில் அடங்கும். கடைசி மாதவிலக்குத் தேதி குறித்த மருத்துவச் சீட்டைக் கையோடு கொடுத்தனுப்புங்கள். மாதம் நிறையுமுன் வலி கண்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், ஊர் போய்ச் சேரட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரையுங்கள். குழந்தையின் மூளை இன்னும் அனுப்பாத கட்டளையை மருத்துவர் முன்னதாக அனுப்ப முடியும். ஆனால் அது நுரையீரலில் முழுப் பயன் தர ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாளைத் தயக்கத்தில் இழந்துவிடாதிருப்போமாக.