காதலும் திருநீலகண்டமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காதலைப் பற்றிச் சமய மேடையிலே பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். திருவள்ளுவருக்கு அந்த ஐயம் இருக்கவில்லை. அவர் யாத்த 1330 குறள்களுள் 250 குறள்கள் காமத்துப்பாலுக்கு உரியன. அவற்றுள்ளும் களவியலுக்கு 7 அதிகாரங்கள். கற்பியலுக்கு 18 அதிகாரங்கள். அதாவது, காதல் அரும்புவதைச் சொல்ல 70 குறள்கள் போதுமாயின. அதனைக் காத்து வாழ்வதைச் சொல்ல 180 வேண்டியிருந்தன. நம் காலத்துச் சினிமாப் படங்களோ பெரும்பாலும் களவியலோடு முடிந்துவிடுகின்றன. மிச்சமுள்ள பதினெட்டு அதிகாரங்களையும் நாம் எங்கே கற்பது?

பெரியபுராணத்திலே கற்கலாம். தில்லையிலே வாழ்ந்த குயவர் ஒருவர், சிவபெருமானின் திருநீலகண்டத்தில் பேரன்பு பூண்டவர், ஒருநாள் பரத்தையின் இல்லம் சென்று வந்தார். அதனை அறிந்த மனைவியார் தம்மைத் தீண்டலாகாது எனத் திருநீலகண்டத்தின் மீது ஆணையிட்டார். ஆணையிலே ‘எம்மை’ என்ற பன்மைச் சொல் இருந்தமையால், மனைவியாரை மட்டுமன்றி எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டேன் என்று நாயனார் உறுதி பூண்டார். இளமை கழிந்து முதுமை வரும்வரை இருவரும் அயலார் அறியாமல் ஓரில்லத்திலேயே அவ்வாறு வாழ்ந்தனர்.

நண்பர்களே, இக்கதையை நாயனாரின் வைராக்கியத்துக்காக மட்டுமே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். அம்மையாரைச் சற்று நோக்குங்கள். அவர் கணவரைத் தூற்றவில்லை, வீட்டைவிட்டு வெளியேறவுமில்லை, ஆயினும் தமக்கு இழைக்கப்பட்ட தவற்றைப் பொறுத்துக்கொண்டது போல நடிக்கவுமில்லை. ‘வேண்டாம்’ என்றார். அந்த ஒரு சொல்லைக் கணவர் வாழ்நாள் முழுதும் மதித்தார். ஒரு பெண் மறுத்த பின்னரும் அவளைத் தொடர்ந்து செல்வதையும், செய்தி மேற்செய்தி அனுப்பி மிரட்டுவதையும் காதல் என்று எண்ணும் இளைஞர் இன்றும் உளர். அவர்கள் இந்த நாயனாரிடம் பாடங் கேட்க வேண்டும்.

மிசன் பாடசாலையிலே கல்வி கற்ற எனக்குப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய நிருபமும் பழக்கமானதே. அன்பின் இலக்கணங்களை அடுக்கும் அவர் முதலிலே வைப்பது பொறுமையை. வள்ளுவரோ ஊடலை உணவிலிட்ட உப்புக்கு ஒப்பிட்டு, அளவு மீறினால் கெடும் என்கிறார். இரு வழியினரும் ஒன்றையே வற்புறுத்துகின்றனர்: தன்னை அடக்கத் தெரியாதவன் பிறரை நேசிக்க முடியாது. காதலுக்குச் சான்றாகக் கைத்தொலைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்பதும், யாரோடு பேசினாய் என்று நாள்தோறும் விசாரிப்பதும் அன்பல்ல. அச்சத்தின் வேறு வடிவங்கள்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம். சாதியையும் சீதனத்தையும் விசாரிக்குமுன் குணத்தை விசாரியுங்கள். பிள்ளைகள் உங்களிடம் மனந்திறந்து பேச இடங்கொடுங்கள். அஞ்சாமல் பேசக்கூடிய வீட்டிலே களவுக்குத் தேவை இராது.

நாயனாரின் கதை எவ்வாறு முடிந்தது? சிவயோகியாராக வந்த இறைவன் தாம் கொடுத்துவைத்த திருவோட்டை மறையச் செய்து, அதனைத் திருடவில்லை என்று மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியஞ் செய்யும்படி கேட்டார். கையைப் பற்ற இயலாத இருவரும் ஒரு மூங்கிற் கோலின் இரு முனைகளையும் பிடித்தனர். அப்பொழுது நாயனார் தம் பழைய கதையை ஊரறியச் சொன்னார், பின்பு மூழ்கினர், இளமையோடு எழுந்தனர். சிதம்பரத்திலே இளமையாக்கினார் கோயில் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கின்றது.

உண்மையைச் சொன்ன பின்னரே இளமை திரும்பியது என்பதைக் கவனியுங்கள். இருவருக்கும் நடுவிலே இருந்த அந்தக் கோல் அவர்களைப் பிரித்த கோலா, இணைத்த கோலா? இணைத்தது என்றே நான் கருதுகின்றேன். மதிப்பு என்னும் அந்தக் கோலை இரு முனையிலும் இருவர் பற்றியிருக்கும் வரையில் எந்த நீரிலும் அஞ்சாது இறங்கலாம்.

அத்தகைய அன்பு நம் இல்லங்களிலே வளரத் திருவருள் துணைபுரிவதாக.