பனகல் பூங்காவின் நான்கு திசைகளும்



ரயில் நிலையத்தைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் எழலாமா என்று கேட்டால், எழலாம், எழவும் வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம். ஏராளமான பொதுப்பணத்தைச் செலவிட்டுப் பூமிக்கடியில் மெட்ரோ அமைத்துவிட்டு, அதன் வாசலில் நாலு பங்களாக்களையும் நீண்ட மதில்களையும் மட்டுமே விட்டுவைத்தால், அதன் பிரயோஜனம் எளிய ஜனங்களைச் சென்று சேராது. ஆனால், எத்தனை மாடிகள் என்று நிர்ணயிக்கும் அதே அதிகாரி, அம்மாடிகளிலிருந்து இறங்கி வருவோர் நடப்பதற்கு எத்தனை அடி வழி என்பதையும் நிர்ணயித்த பிறகே கையொப்பமிட வேண்டும்.

தியாகராய நகரைப் பாருங்கள். 1920-களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் ஏரியைத் தூர்த்து, பனகல் பூங்காவை நடுநாயகமாக வைத்து, குடியிருப்போரின் சௌகரியத்தை உத்தேசித்து வகுக்கப்பட்ட அந்நகரில், மாம்பலம் ஸ்டேஷன் கொண்டுவந்து இறக்கிய ஜனத்திரளை நம்பி வியாபாரம் அடுக்கடுக்காக உயர்ந்தது. ரங்கநாதன் தெருவோ தன் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில், கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு தாய் அத்தெருவின் வழியே ஸ்டேஷனை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்வதைக் கண்டவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

பரிகாரமும் அங்கேயே தொடங்கியிருக்கிறது. 2019-இல் பாண்டி பஜாரின் நடைபாதைகள் விசாலமாக்கப்பட்டன. 2023-இல், ஸ்டேஷனையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை திறக்கப்பட்டது. இரண்டையும் வரவேற்கிறேன், எனினும், நடப்பவரை மேலே ஏற்றிவிடுவதைக் காட்டிலும், தரையிலேயே அவருக்குரிய இடத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்த பாண்டி பஜாரையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இனி மாடிகளின் கணக்குக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் உயரமான கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீட்டை 3.25 என்று வைத்தன. அதாவது, மனையின் விஸ்தீரணத்தைப்போல் மூன்றேகால் மடங்கு தளம் எழுப்பலாம், கட்டணம் செலுத்தினால் அதற்கு மேலும் எழுப்பலாம். இப்போது அதே பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ நிலையம் உருவாகி வருகிறது. ஆகவே, அதனைச் சுற்றிலும் உயரும் கட்டடங்களிடமிருந்து வசூலாகும் அக்கட்டணம், பத்து நிமிஷ நடைதூரத்திலுள்ள தெருக்களின் நடைபாதைக்கும் நிழல் மரங்களுக்குமே முதலில் செலவிடப்பட வேண்டும் என்றும், அத்தெருக்களின் வேலை நிலையம் திறக்கும் நாளுக்கு முன்பே பூர்த்தியாக வேண்டும் என்றும் இச்சபை தீர்மானித்து மாநகராட்சிக்கு அனுப்புமாறு பிரேரேபிக்கிறேன்.