நடையும் கொடையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

நான் புலவனல்லன், ரயில்வே அலுவலகத்துக் குமாஸ்தா. ஆகவே என் சிற்றுரையிலும் கணக்கே மிகுந்திருக்கும். பொறுத்தருள்க.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரைக் குருதியினின்று வடித்து, வேண்டியதை மீட்டுக்கொண்டு, எஞ்சிய சிறு பகுதியையே வெளியேற்றுகின்றன. அவை செயலிழப்பின் பொறியே அப்பணியைச் செய்தல் வேண்டும். அத்தகைய பொறியை 1943-ஆம் ஆண்டில், போரால் நலிந்திருந்த ஹாலந்து நாட்டில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் அமைத்தார். இன்று அச்சிகிச்சை நம் நகரிலேயே கிடைக்கின்றது. டயாலிசிஸ் என்னும் அதனை வழக்கமாக வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் செய்தல் வேண்டும். ஆண்டுக்கு 156 முறை! ஒருமுறை செய்து முடிந்துவிடும் வைத்தியமன்று அது.

எங்கள் தெருவில் தையற்கடை வைத்திருந்த அன்பர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. நண்பர்கள் கூடி ஒரே ஞாயிறன்று பொருள் திரட்டிக் கொடுத்தோம். மனநிறைவுடன் வீடு திரும்பினோம். அப்பணம் சில மாதங்களில் தீர்ந்தது. வாரம் மூன்று முறை இரண்டாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. அவர் மனைவியார் மீண்டும் கேட்கக் கூசினார். நாங்களும் போய் விசாரித்தோமில்லை. அவர் மறைந்த பின்னரே கணக்கு எங்களுக்கு விளங்கியது. கொடுத்தது குற்றமன்று; ஒருமுறை கொடுத்ததோடு மறந்ததே குற்றம்.

சிறுநீரக நோயாளரின் துயர் துடைக்கவே பெங்களூர் கிட்னி ஃபவுண்டேஷன் 1979-லும், சென்னையில் டேங்கர் அறக்கட்டளை 1993-லும் தோன்றின. ஆயினும் பொருளின்றி அறப்பணி நடவாது. நம் நகரில் 2008-இல் தொடங்கிய பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் பெருவிழாவில் பலர் பரிசுக்காக ஓடுவதில்லை. “நான் இவ்வளவு தூரம் ஓடுகிறேன், இந்த நற்பணிக்கு நீர் இவ்வளவு தாரும்” என்று நண்பரிடம் கேட்டுப் பெற்று வழங்குகின்றனர். இது நமக்குப் புதிதன்று. பழனிக்கு ஒருவர் நடக்க, வழியில் நீர்மோர் வார்ப்பவர் அப்புண்ணியத்தில் பங்கு கொள்வதில்லையா?

ஆகவே நண்பர் அறுவர் ஓர் உறுதி பூண்டுள்ளோம். வரும் தை முதல் ஓராண்டுக் காலம், ஞாயிறு தவறாது, பெங்களூர் கிழக்கு நிலையத்திலிருந்து அல்சூர் ஏரியருகே 2009-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலை வரை நடந்து மீள்வோம். 52 நடை! ஒவ்வொரு நடைக்கும் தாங்கள் இயன்றதைத் தாருங்கள். பத்து ரூபாயும் பெருந்தொகையே. எங்களுள் ஒருவர் ஒரு வாரம் தவறினால், அவ்வாரத் தொகையை அவரே தம் கைப்பொருளிலிருந்து இரட்டிப்பாய்ச் செலுத்துவார். பணம் ஏழை நோயாளியின் சிகிச்சைக்கென மருத்துவமனையிலேயே நேரே கட்டப்படும். ரசீது சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் தொங்கும்.

ஒருநாள் பயணத்துக்குச் சாதாரணச் சீட்டுப் போதும். நாள்தோறும் செல்பவனுக்கு வேண்டுவது சீசன் டிக்கட்டு. தையற்கார அன்பருக்கு நாங்கள் ஒருநாள் சீட்டே வாங்கித் தந்தோம். இனி ஒருவரையும் அவ்வாறு நடுவழியில் இறக்கிவிடாதிருக்கத் தங்கள் துணையை வேண்டி அமர்கிறேன்.