சூரியன் எல்லோருக்கும் பொது, சம்பளம் யாருக்கு?

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சூரிய வெளிச்சத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தொழிலும், அந்தத் தொழிலில் நம் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள பங்கும் என்பதாகும். "பகுத்தறிவுப் பேச்சுக் கேட்க வந்தோம்; இவர் மின்சாரக் கடைக்காரர்போல் ஆரம்பிக்கின்றாரே" என்று சிலர் நினைக்கலாம். எவனுக்கு என்ன வேலை, எவனுக்கு எவ்வளவு கூலி என்பதையெல்லாம் பிறப்பைக் கொண்டே தீர்மானித்து வந்த தேசம் இது. இங்கே புதிதாக ஒரு தொழில் பிறக்கும்போது, அதற்குள் யார் நுழைகின்றார்கள், யார் வாசலில் நிறுத்தப்படுகின்றார்கள் என்று பார்ப்பதைவிடப் பகுத்தறிவுக்கு வேறு என்ன பெரிய வேலை இருக்கின்றது?

சூரியனும் தகடும்

சூரியன் ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகின்றான் என்று நமக்குச் சொல்லப்பட்டது. விடியற்காலையில் தண்ணீரில் நின்று கும்பிட்டோம். ஆயிரக்கணக்கான வருஷம் கும்பிட்டும் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. 1839-ல் பெக்கரல் என்ற பிரெஞ்சுக்கார வாலிபர், வெளிச்சம் பட்டால் சில பொருள்களில் மின்சாரம் உண்டாகின்றது என்று கண்டார். அப்போது அவருக்கு வயது 19. 1954-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையார் சிலிக்கான் தகட்டைச் செய்து காட்டினார்கள். அது தன் மேல் விழுந்த வெளிச்சத்தில் நூற்றுக்கு 6 பங்கைத்தான் மின்சாரமாக்கிற்று. இன்று கடையில் விற்கும் தகடு நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் கொடுக்கின்றது. இது கும்பிட்டதால் வந்ததா, ஆராய்ந்ததால் வந்ததா என்று கேட்கின்றேன்.

2019 டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம் வந்தது. கோயமுத்தூர், கரூர், திருச்சிப் பக்கமெல்லாம் சூரியன் வளையம்போல் தெரிந்தது. அன்று நம்மவர்கள் பலர் அடுப்பு மூட்டவில்லை. கர்ப்ப ஸ்திரீகளை அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். கூரைமேல் இருந்த தகடு என்ன செய்தது? சந்திரன் மறைத்த அளவுக்கு மின்சாரம் குறைந்தது. சந்திரன் விலகியதும் பழையபடி வந்தது. தகட்டுக்கு யாரும் பரிகாரம் செய்யவில்லை. தர்ப்பைப் புல் போடவில்லை. (சிரிப்பு)

வேலை எங்கே இருக்கின்றது?

நிற்க, இந்தத் தொழில் எவ்வளவு பெரிது என்று பாருங்கள். 2014-ல் இந்தியா முழுவதிலும் இருந்த சூரிய மின்சார நிலையங்களின் சக்தி 3,000 மெகாவாட்டுக்கும் குறைவு. 2025 ஜனவரியில் அது 1,00,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இவ்வளவையும் மேலே ஏற்றியதும், முடுக்கியதும், ஒயர் இழுத்ததும் மனிதர்களின் கைகள்தானே!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இராமநாதபுரம் ஜில்லா கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் நிலையம் ஒன்று கட்டினார்கள். சுமார் 2,500 ஏக்கர். 25 லட்சம் தகடுகள். கட்டும்போது ஆயிரக்கணக்கான ஆட்கள் இராப்பகலாக வேலை செய்தார்கள். கட்டி முடிந்த பிறகு? தூசி துடைக்கக்கூட யந்திரம் வைத்துவிட்டார்கள். பெரிய நிலையத்தில் கட்டுகிற வேலை கலியாணப் பந்தல் வேலை மாதிரி. பந்தல் போட்டானதும் ஆள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

வீட்டுக் கூரைமேல் போடுவது அப்படியல்ல. ஒவ்வொரு வீடும் ஒரு தனி வேலை. ஒவ்வொரு கூரையும் ஒரு தனிக் கணக்கு. 2017-ல் இரண்டு ஆராய்ச்சி ஸ்தாபனங்கள் சேர்ந்து கணக்குப் போட்டன. ஒரு மெகாவாட்டைத் தரையில் பெரிய நிலையமாகப் போட்டால், ஒரு ஆள் ஒரு வருஷம் செய்யும் வேலையாக வைத்துக்கொண்டு, சுமார் மூன்றரை ஆள் வேலை உண்டாகின்றது. அதே ஒரு மெகாவாட்டைச் சிறு சிறு கூரைகளில் போட்டால் சுமார் 25 ஆள் வேலை உண்டாகின்றது. ஏழு மடங்கு! 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் தகடு போட உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். ஆகவே நம் பிள்ளைகள் கண் வைக்க வேண்டியது கூரைமேல்.

"படிக்காதவனுக்கு இது வருமா?"

இதற்குச் சிலர் உடனே சொல்லும் பதில் ஒன்று இருக்கின்றது. "இது விஞ்ஞான வேலை, கண்டவனுக்கெல்லாம் வருமா? புத்தி வேண்டாமா? பரம்பரை வேண்டாமா?" என்பார்கள். இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்து வாசலில் பாடினார்கள். உத்தியோகத்தின் வாசலில் பாடினார்கள். இப்போது மொட்டைமாடிப் படிக்கட்டில் பாடுகின்றார்கள்.

இதற்கு நான் வாதம் சொல்லப் போவதில்லை, நடந்ததைச் சொல்லுகின்றேன். ராஜஸ்தானத்தில் ஆஜ்மீர் ஜில்லாவில் திலோனியா என்று ஒரு கிராமம். அங்கே 1972-ல் ஆரம்பித்த ஒரு தொண்டு ஸ்தாபனத்தில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குச் சூரிய மின்சார வேலை கற்றுக் கொடுத்தார்கள். நம் நாட்டுப் பெண்கள் மாத்திரமல்ல. ஆப்பிரிக்கா முதலிய தூர தேசங்களிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். பலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். ஒருத்தி பாஷை இன்னொருத்திக்குத் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. சைகையாலும், ஒயரின் நிறத்தாலும், கையால் தொட்டுச் செய்து பார்ப்பதாலும் ஆறு மாதம் கற்றார்கள். ஊருக்குத் திரும்பிப் போய் விளக்கு எரிய வைத்தார்கள். கெட்டுப்போனதைப் பழுது பார்த்தார்கள். பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை.

எழுத்து வாசனையே இல்லாத பாட்டிக்கு ஆறு மாதத்தில் வருகின்ற வித்தை, எட்டாவதோ பத்தாவதோ படித்து நின்றுபோன நம் சேரிப் பையனுக்கும், குடிசைப் பெண்ணுக்கும் வராது என்று சொல்லுகிறவன், வித்தையைப் பற்றிப் பேசவில்லை. தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகின்றான்.

எதைக் கற்க வேண்டும்?

கற்பது என்றால் என்ன என்று தெளிவாக இருக்க வேண்டும். வெயில் வேறு, சூடு வேறு. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்குச் சத்துரு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் பலன் நூற்றுக்குச் சுமார் மூன்றிலொரு பங்கு குறைகின்றது. அதனால்தான் கூரைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட இடம் விட வேண்டும். நம் நாட்டில் தகடு தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். சாய்வு மதுரைக்குச் சுமார் 10 டிகிரி, சென்னைக்குச் சுமார் 13 டிகிரி. மாலை கட்டினாற்போல் தகடுகளை வரிசையாகக் கோத்திருப்பதால், ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டில் விழுந்தால்கூட வரிசை முழுவதும் மந்தமாகும். இவையெல்லாம் காரணத்தோடு தெரிந்துகொள்ள வேண்டியவை. வாஸ்துக்காரனிடம் கேட்க வேண்டியவை அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம் உயிர். வீட்டு லைனை சுவிட்சு போட்டு நிறுத்தலாம். பகலில் தகட்டை நிறுத்த முடியாது. வெளிச்சம் இருக்கும்வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். வரிசையில் பல நூறு வோல்ட்டு ஓடும். அது டி.சி. மின்சாரம், பொறி பிடித்தால் எளிதில் அணையாது. இடுப்புப் பட்டை இல்லாமல், கையுறை இல்லாமல், எர்த் சரியாக இருக்கின்றதா என்று பார்க்காமல் ஏறினவனைத் தகட்டுக்கு வைத்த எலுமிச்சம்பழம் காப்பாற்றாது.

எங்கே தடுக்கின்றார்கள்?

இனி, முக்கியமான சங்கதிக்கு வருகின்றேன். 2015-ல் மத்திய சர்க்கார் "சூரியமித்ரா" என்ற பயிற்சியை ஆரம்பித்தார்கள். 600 மணி நேரம். சுமார் மூன்று மாதம். தங்குவதற்கு இடமும் சாப்பாடும் இலவசம். நல்ல காரியம்தான். ஆனால் நுழைய வேண்டுமானால் பத்தாவது படித்திருப்பதோடு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் போன்ற தொழிலும் படித்திருக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஐ.டி.ஐ. வரையில் வந்தவன் ஏற்கனவே பாதி கரையேறினவன். ஏழாவதில் நின்று செங்கல் சூளைக்குப் போன பையனுக்கு அங்கே என்ன வழி? திலோனியாப் பாட்டி அந்த வாசலில் வந்து நின்றிருந்தால் அவளையும் திருப்பித்தானே அனுப்பியிருப்பார்கள்?

இரண்டாவது தடை வயிறு. பயிற்சி இலவசம் என்றாலும், மூன்று மாதம் அந்தப் பையனின் கூலி வீட்டுக்கு வராது. தினக்கூலிக்காரன் வீட்டில் மூன்று மாதக் கூலி என்பது மூன்று மாத அரிசி. பயிற்சிக் காலத்தில் கையில் படிப்பணம் கொடுக்காவிட்டால், "இலவசம்" என்கிற வார்த்தை, கொஞ்சம் வசதி உள்ளவனுக்கு மாத்திரமே இலவசம்.

மூன்றாவது தடைதான் மிகவும் மோசமானது. அது வாசலில் இல்லை, உள்ளே இருக்கின்றது. ஒரு மாடியில் தகடு போடுவதை நின்று கவனித்துப் பாருங்கள். 25 கிலோவுக்கு மேல் கனமுள்ள தகட்டைத் தோளில் சுமந்து ஏறுகிறவன் யார்? கழுவித் துடைக்கிறவன் யார்? மீட்டரைக் கையில் பிடித்துக் கணக்கு எழுதுகிறவன் யார்? பழைய ஊர் அமைப்பு அப்படியே மொட்டைமாடிக்கு ஏறி வந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். நம் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, அவன் ஐந்து வருஷம் கழித்தும் சுமை தூக்கிக்கொண்டே இருந்தானானால், வருணாசிரமத்திற்குச் சூரிய விளக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ஆகையால் தோழர்களே, பயிற்சி என்று எவன் வந்து கூப்பிட்டாலும் ஐந்து கேள்வி கேளுங்கள். பாடம் தமிழில் நடக்குமா? நாள்தோறும் உண்மையான தகட்டையும் இன்வெர்ட்டரையும் கையில் கொடுப்பார்களா, அல்லது படம் காட்டி அனுப்பிவிடுவார்களா? பயிற்சிக் காலத்தில் படிப்பணம் உண்டா? முடிந்த பின்பு வேலை யாரிடம், என்ன சம்பளத்தில்? சுமை தூக்குகிறவன் எத்தனை மாதத்தில் மீட்டர் பிடிப்பான்? இதற்குப் பதில் சொல்லாமல் முதலில் பணம் கட்டச் சொல்லுகிறவன் தரகன்; அவனிடம் ஏமாறாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பிள்ளை மாடி ஏறினால் ஊர் சிரிக்கும் என்று பயப்படாதீர்கள். சித்தாளாகச் செங்கல் சுமந்து அதே மாடிக்கு ஏறும்போது சிரிக்காத ஊர், ஸ்பேனர் பிடித்து ஏறும்போது சிரித்தால், அது கூலி கூடுவதைப் பார்த்து எரிகின்ற சிரிப்பு.

ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கும் வாசல் திறக்க வேண்டும், படிப்பணம் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஊர்ச் சபையிலும் தீர்மானம் போட்டுச் சர்க்காருக்கு அனுப்புங்கள். பள்ளிக்கூடத்துக் கூரையிலும் ஊராட்சிக் கட்டடத்துக் கூரையிலும் தகடு போடும்போது, பராமரிக்கிற வேலையை அந்த ஊரில் பயிற்சி பெற்ற ஏழைப் பிள்ளைக்கே கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். தகடு சுமார் 25 வருஷம் உழைக்கும். அது ஒரு குடும்பத்திற்கு 25 வருஷச் சோறு.

சூரியன் அக்கிரகாரத்திற்கு ஒரு வெளிச்சம், சேரிக்கு ஒரு வெளிச்சம் என்று பிரித்துக் கொடுப்பதில்லை. பிரிப்பதெல்லாம் தரையில் இருக்கின்ற மனிதர்கள்தான். மனிதன் பிரித்ததை மனிதன் மாற்ற முடியும். நான் சொன்ன கணக்குகளையும் காரணங்களையும் உங்கள் புத்தியில் போட்டு ஆராய்ந்து பார்த்து, சரியென்று பட்டால் நாளைக் காலையிலேயே உங்கள் தெருவில் சும்மா இருக்கின்ற பிள்ளைகளின் பெயரை எழுத ஆரம்பியுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.