சொல்லிக் கொடுத்தால் பிழைப்பு போயிடுமா?

(கூட்டமைப்பின் உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. தையல், அழகுக்கலை, மீன் ஊறுகாய், கருவாடு, கணக்கு எழுதுவது என்று ஆளுக்கு ஒன்று கையில் இருக்கு. பயிற்சியும் எடுத்தாச்சு, வங்கிக் கடனும் வாங்கியாச்சு. ஆனால் வேலை தேடி வருபவர்கள்தான் குறைவு. தவணைத் தேதி மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்துடுது.

இதற்கு நாங்கள் சொல்லும் வழி ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்ததில் ஒரு பங்கை ஊருக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுங்கள். இதைச் சொன்னதும், "எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் எங்கிட்ட யாரு வருவா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம்தான். அதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

நம்ம பக்கத்து மருத்துவர்

எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் கை விரல்கள் கோணிப் போன பிறகும், விடாமல் பழகிக் கண் அறுவை சிகிச்சை செய்தவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின், 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அங்கிருந்து டாக்டர்கள் ஊர் ஊராகப் போய் இலவசக் கண் முகாம் நடத்தினார்கள். கண்ணைப் பரிசோதித்து, இது புரை, இது கண்ணாடி போட்டால் சரியாகும் என்று காசு வாங்காமல் சொன்னார்கள். வசதி இல்லாதவர்களுக்கு அறுவை சிகிச்சையும் இலவசம். முகாமின் நோக்கம் விளம்பரம் இல்லை. தடுக்கக் கூடிய பார்வையிழப்பைப் போக்குவதுதான். ஆனால் பார்வை கிடைத்தவர் ஊருக்குள் சும்மா இருப்பாரா? பத்து பேரிடம் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டு, கட்டணம் கட்ட வசதி உள்ளவர்களும் மதுரைக்கு வந்தார்கள். அவர்கள் கட்டிய பணம் இலவச சிகிச்சையையும் தாங்கியது. இன்று திருநெல்வேலி, தூத்துக்குடி உட்படப் பல ஊர்களில் அந்த மருத்துவமனை இருக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். தாங்கள் வேலை செய்யும் முறையை மற்ற கண் மருத்துவமனைகளுக்கும் அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள். அதனால் அவர்களிடம் வரும் கூட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மறைத்தால் மட்டும் நிற்குமா?

முத்து வளர்க்கும் நுட்பத்தை ஜப்பான்காரர்கள் வெளிநாட்டாருக்குச் சொல்லாமல் காத்து வந்தார்கள். ஆனால் நம்ம தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி டாக்டர் கே. அழகர்சாமியும் அவரோடு இருந்தவர்களும் 1973-ல் சிப்பிக்குள் உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார்கள். பூட்டி வைத்த வித்தையையும் இன்னொருவர் தானே கண்டுபிடித்துவிடுவார். அப்படியிருக்க, ரவிக்கை வெட்டுவதும் ஊறுகாய் போடுவதும் எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்?

எதைச் சொல்வது, எதற்குக் கூலி வாங்குவது?

சொல்வது இலவசம், செய்து கொடுப்பது கூலிக்கு. இந்தக் கணக்கை மனசில் வைத்துக் கொள்ளுங்கள்.

கருவாடு: நல்ல கருவாட்டைப் பார்த்து வாங்குவது எப்படி என்று வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். சிவப்புத் திட்டு இருந்தால் கெடத் தொடங்கியாச்சு. அமுக்கினால் மெத்தென்று இருந்தால் சரியாகக் காயவில்லை. மணலில் காயப்போட்டதில் மண் ஒட்டும். உயரக் கட்டிய வலைப் பந்தலில் காய்ந்ததில் ஒட்டாது. இதைக் கேட்ட மதினி அடுத்த வாரம் சந்தையில் எந்தக் கருவாட்டை எடுப்பார்? சொல்லிக் கொடுத்தவரின் கூடையைத்தான் முதலில் தேடுவார். ஆனால் ஒன்று, நம்ம சரக்கு நாம் சொன்னபடி இருக்கணும்.

தையல்: லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகு தைத்தால்தான் பிறகு சுருங்காது என்று சொல்லுங்கள். அறுந்த கொக்கியை வைத்துக் கொள்ளவும் காட்டிக் கொடுங்கள். கொக்கி வைக்கப் பழகியவர் கல்யாண ரவிக்கையைத் தானே தைக்க மாட்டார். அதற்கு உங்களிடம்தான் வருவார்.

கணக்கு: ரொக்கப் புத்தகத்தில் வரவும் செலவும் எப்படிப் பார்ப்பது என்று பக்கத்துக் குழுவுக்கு ஒரு நாள் விளக்குங்கள். ஊறுகாய் விற்கும் குழுவுக்கு, உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு என்னென்ன தாள் வேணும் என்று சொல்லுங்கள். பேரேடு எழுதுவது, விண்ணப்பம் போடுவது எல்லாம் உங்கள் நேரம். அதற்குக் கூலி கேட்க வெட்கம் வேண்டாம். நம்ம உறுப்பினர்கள் பலர் சமுதாயப் பயிற்றுநராகி மதிப்பூதியம் வாங்குவதும் இப்படித்தான். முதலில் சும்மா சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் ஊர் கைகாட்டியது.

மூன்று எச்சரிக்கை

ஒன்று, அரைகுறையாகச் சொல்லாதீர்கள். "மீதி வேணும்னா காசு கொடு" என்று பாதியில் நிறுத்தினால், இருந்த நம்பிக்கையும் போயிடும்.

இரண்டு, தெரியாததைச் சொல்லாதீர்கள். மீன் பதப்படுத்துவதில் சந்தேகம் வந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மூன்று, நேரத்துக்கு வரம்பு வையுங்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் வருபவரிடம், "இது என் தொழில் அக்கா, இவ்வளவு ஆகும்" என்று சிரித்த முகத்தோடு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கூலி பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

சகோதரிகளே, பலன் மறுநாளே வந்துவிடாது. சில மாதம் பொறுக்கணும். அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு உறுப்பினர் தன் தொழிலில் ஒரு விஷயத்தைச் சொல்லட்டும். யார் என்ன சொன்னார், அதன் பிறகு யாருக்கு என்ன வேலை வந்தது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.