மாத்திரையை உடைக்கலாமா?



நம் நாச்சாரத்தில் மருந்து ஆராய்ச்சி நடக்கிறது. நம் வீடுகளில் மாத்திரை இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோம்.

கன்றுக்கு ஒரே நேரத்தில் குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும்? பாதி வீணாகும். அருகில் மண்பானையைப் புதைத்துத் தண்ணீர் நிரப்பினால்? சிறிது சிறிதாகக் கசியும். வேருக்கு நெடுநேரம் ஈரம் கிடைக்கும்.

சில மாத்திரைகளும் இப்படித்தான். பாலிமர் என்ற பொருளை மருந்தின் மேல் பூசுவார்கள். அல்லது மருந்தோடு கலப்பார்கள். மருந்து பல மணி நேரம் மெதுவாகக் கசியும்.

இந்தப் பாலிமரைக் கொண்டு மிகச் சிறிய துகள்களும் செய்கிறார்கள். தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்! 2007-இல் டாபர் பார்மா நிறுவனம் இம்முறையில் ஒரு புற்றுநோய் மருந்தை இந்தியாவில் வெளியிட்டது.

மெதுவாகக் கசியும் மாத்திரையைப் பொடித்தால் என்ன ஆகும்? பானை உடைந்த கதைதான். நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளில் இது உயிருக்கே ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது நமக்குப் படிக்கத் தெரியுமே! மாத்திரை அட்டையைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர். என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா? மருத்துவரைக் கேட்காமல் உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள். முழுதாக விழுங்குங்கள். விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வழி சொல்வார்.

சில சமயம் மலத்தில் வெற்று மாத்திரை தெரியலாம். பயப்பட வேண்டாம். மருந்து உடம்பில் சேர்ந்திருக்கும். வெளியே வருவது வெறும் பானைதான்.

இன்றே வீட்டிலுள்ள அட்டைகளை எடுத்துப் படியுங்கள்.